கீழே உட்காருகிற ஆள்

வீடு வாங்க நினைக்கிறவர்கள் வீட்டைத் தேடி அலைவார்கள். சந்திரம்மாளுக்கு வீடு உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்குத்தான் ஒரு மாதம் அலைந்தாள். அலைந்தது அவள், புலம்பியது அவள் புருஷன் அர்ஜுனன், கேட்டுக்கொண்டிருந்தது நான்.

எண்பத்திரண்டாம் வருஷம். நான் அப்போது போஸ்ட் ஆபீசில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தேன். திருவண்ணாமலையில் பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரே நடையும் ஒரே கிணறுமாக ஆறு குடித்தனம் இருந்த ஸ்டோரில் குடியிருந்தேன். அடுத்த குடித்தனம் அர்ஜுனனுடையது. செங்கம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சந்திரம்மாள் பொரிக்காரி. இரும்புச் சட்டியில் மணலைக் காயவைத்து, உப்புத் தண்ணீரில் பிசறி உலர்த்திய அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஈர்க்குக் கட்டால் கிளறிக் கொட்டிச் சலிப்பாள். கார்த்திகை வந்துவிட்டால் நெல்பொரி, அவல்பொரி, வெல்லப்பாகு உருண்டை என்று அந்த நடை முழுவதும் அவள் சரக்குதான் கிடக்கும். நாங்கள் ஐந்து குடித்தனமும் பொரியைத் தாண்டித் தாண்டித்தான் கிணற்றுக்குப் போவோம். யாரும் முணுமுணுத்ததில்லை. தாண்டுகிறவன் வாயில் ஒரு கை பொரி இருக்கும்.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. எழுபத்தேழில் பெய்த பெருமழையின்போது அவர்கள் ஊருக்கு வெளியே ஒரு மண்சுவர் வீட்டில் இருந்தார்கள். பட்டப்பகல். குழந்தை சரசு தூளியில் அழுதது என்று எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அவள் நிலையைத் தாண்டுகிற நேரம், பின்சுவர் அப்படியே தூளியின்மேல் சாய்ந்தது. கூரை போய், சுவர் போய், நடுவில் வாசல் நிலை மட்டும் நின்றது. அன்றிலிருந்து வானம் இருட்டினால் போதும், சரசுவை மடியில் போட்டுக்கொண்டு வாசல் நிலைக்கு நேர் கீழே உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் மணல் காய்ந்துகொண்டிருந்தாலும் சரி. ஐந்து வருஷமாக இதுதான். அர்ஜுனன் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், ஒருமுறை தானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"சொவுரு விழுந்தப்ப நெல மட்டும்தாங்க நின்னுச்சி. நான் வேற எத நம்பறது?" என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் தன்யகுமார் சார் தன் வீட்டைக் கொடுக்கிறேன் என்றார். நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, மனைவி குசுமாவதி அம்மாளோடு வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்கே போவதாக முடிவு செய்திருந்தார். சந்திரம்மாள் அவர்கள் வீட்டுக்கு வாராவாரம் பொரி கொடுக்கிறவள். நடு முற்றமில்லாத சின்ன வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, தென்கிழக்கில் சமையல்கட்டு, பின்னால் கிணறு. மேலே மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் ஒட்டு. மாடியேறி நின்றால் மேற்கே மலை அடி முதல் உச்சி வரை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரியும். தீபத்தன்று அந்தத் தெருவே அவர் மாடியில்தான் நிற்கும்.

"எத்தினி பேர் நிப்பாங்க சார்?" என்று சந்திரம்மாள் கேட்டாள்.

"மேல எண்ண முடியாதும்மா. நான் கீழ செருப்ப எண்ணுவேன். போன வருஷம் எழுபது ஜோடி."

அர்ஜுனன் பூரித்துப்போனான். இந்த வருஷம் அவன் ஊர்க்காரர்களை எல்லாம் சொந்த மாடியில் நிறுத்தித் தீபம் காட்டலாம். சந்திரம்மாள் முகம் வெளுத்துவிட்டது. எழுபது பேர் மேலே. அதன் கீழே அவள் அடுப்பு, அவள் குழந்தை. ஆனால் அவளுக்கும் அந்த வீடு வேண்டும். ஸ்டோர் நடையில் எத்தனை நாளைக்குப் பொரி உலர்த்துவது?

"யாருனா தெரிஞ்ச ஆளு பாத்து, நிக்கும்னு சொல்லட்டும். வாங்கிக்கலாம்" என்றாள்.

முதலில் வந்தவர் கோதண்டராமன் சார். ரிட்டயர்டு ஓவர்சியர். அர்ஜுனன் பஸ்ஸில் தினம் போகிறவர், நல்ல மனிதர். இரும்பு டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார், பேனாவால் இரண்டு இடத்தில் தட்டினார், மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்று செல் டார்ச் எங்கள் ஸ்டோரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது என்பதால் நானும் போயிருந்தேன். அந்த டார்ச்சினால்தான் இந்தக் கதை முழுக்க நான் இருக்கிறேன்.

"சொவுரு ஒன்னரக் கல்லு. ஒட்டு ஸ்ட்ராங்கா கீது. அம்பது வருஷத்துக்கு ஒன்னும் ஆவாதும்மா" என்றார்.

சந்திரம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "சார், தீபத்தன்னிக்கு மேல எழுபது பேரு நிக்கும்போது, நீங்க கீழ இந்தக் கூடத்துல ஒக்காந்துக்கினு இருப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "தீபத்தன்னிக்கு நான் வேலூருக்குப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேம்மா. இங்க கூட்டம் தாங்காது."

தெருவுக்கு வந்ததும் சந்திரம்மாள், "இவுரு வேணாம்" என்றாள்.

அடுத்து மனையடி பார்க்கிற சின்னசாமி வந்தார். கூடம் இத்தனை அடி, புத்திர லாபம். அறை இத்தனை அடி, தன லாபம். அக்கினி மூலையில் சமையல்கட்டு, பொரிக்காரிக்கென்றே கட்டினது போல் இருக்கிறது என்றார். அவரிடமும் அதே கேள்வி. "நான் தீபத்தன்னிக்கு மல சுத்தறவன்மா. வீட்டுக்குள்ள ஒக்காரக் கூடாது" என்றார் அவர். மூன்றாவது, புரோக்கர் கூட்டி வந்த தருமன் மேஸ்திரி. "நான் ஏம்மா கீழ ஒக்காரணும்? நானே மேல நின்னு கும்புடுவேன்" என்று நெஞ்சைத் தட்டினார். "வீடு வித்தா இவுருக்கு ஒரு பங்கு போவுது. அதான் மேல நிக்கிறாரு" என்று சந்திரம்மாள் என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அர்ஜுனன் என் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"போஸ்ட்டாபீஸ் சார், நீங்களே சொல்லுங்க. வந்த ஆளு இன்னா சொல்றாருன்னு இவ கேக்கல. ஆளு எங்க ஒக்காருவாருன்னு கேக்கறா. செங்கம் ரோட்ல லாட்ஜ் வச்சிருக்கறவரு அந்த வீட்ட கேட்டுக்கினு கீறாரு. வெள்ளக்காரங்களுக்கு ரூம் கட்டி வுடப் போறாராம். சாரு நமக்கோசரம் ஐப்பசி முடியற வரிக்கும் நிறுத்தி வச்சிருக்கறாரு. இவ ஆளு தேடி முடிக்கறதுக்குள்ள வீடு போயிடும்."

எனக்கும் அவள் கேள்வி கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நானும் அந்த வீட்டை டார்ச் அடித்துப் பார்த்தவன். அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நானும் அன்றைக்கு எனக்கு ஆபீஸ் உண்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் சந்திரம்மாள் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தாள். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் எட்டுத் தொன்னையில் புதுப் பொரியோடு போய், வீட்டின் எட்டு மூலையில் வைக்கலாமா என்று குசுமாவதி அம்மாளைக் கேட்டாள்.

"பொரிய வச்சி இன்னா பண்ணப் போற?"

"ஈரம் இருந்தா பொரி காட்டிக் குடுத்துடும்மா. எங்க தொழில்ல அதுதான் மொத எதிரி."

"தாராளமா வையி. எறும்பு வந்தா தின்னுட்டுப் போவட்டும். சுத்தி தண்ணி கிண்ணி ஊத்தி அதுங்கள சாவடிச்சிடாத."

மறுநாள் விடிந்ததும் எடுத்துப் பார்த்தால், ஏழு தொன்னைப் பொரி மொறுமொறுவென்று இருந்தது. சமையல்கட்டு மூலையில் வைத்தது மட்டும் நமுத்துப்போயிருந்தது. சமையல்கட்டில் ஆவி அடிக்காமல் என்ன செய்யும் என்று அர்ஜுனன் சொன்னான், தருமன் மேஸ்திரி சொன்னார், நானும் சொன்னேன். அவளும் அரை மனசோடு ஒத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். ஊர்க் கோடியில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே டீ நேரத்துக்குச் சந்திரம்மாள் கூடையில் பொரி கொண்டுபோவாள். பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து, சுண்ணாம்புக் கலவை போட்ட தளத்தை மரக்கட்டையால் தட்டிக்கொண்டிருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, தளம் கல்லாக இறுகும்வரை நாள்கணக்கில் தட்டுகிற வேலை. அந்த வரிசைக்குத் தலைவி பச்சையம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காய்த்துப்போன உள்ளங்கை, கணீரென்ற குரல்.

அன்றைக்குச் சந்திரம்மாள் கூடையை இறக்கும்போது பச்சையம்மாள் கையைத் தூக்கினாள். பன்னிரண்டு கட்டையும் நின்றன. ஆறாவதாக நின்ற பெண்ணின் காலடியைக் காட்டி, "அங்க இன்னும் வேவல. மறுபடி தட்டு" என்றாள். தட்டினார்கள். சந்திரம்மாள் காதுக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. கால் மணி கழித்துப் பச்சையம்மாள் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் எல்லோரும் டீக்கு இறங்கினார்கள்.

சந்திரம்மாள் பொரி அளந்துகொண்டே அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பச்சையம்மாள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த வூடு?"

"தன்யகுமார் சார் வூடுக்கா."

"பாக்காம எப்படி சொல்றது? பாக்கறேன். ஒக்காரலாம்னா ஒக்காரலாம்னு சொல்றேன். வேணாம்னா வேணாம்னு சொல்றேன். தீபத்தன்னிக்கு எனுக்கு வேல ஒன்னும் கெடையாது."

சந்திரம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். "ஆளு கெடச்சிட்டாங்க" என்றாள். யார் என்று கேட்டதும் அர்ஜுனனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஓவர்சியரு சொன்னத நம்பல. மேஸ்திரி சொன்னத நம்பல. தளம் தட்டற சித்தாள கூட்டியாந்து வூடு காட்டப் போறியா? சாரு மொகத்துல எப்படி நான் முழிக்கறது?"

"அவங்களுக்கு அடுத்த பொம்பள தட்டற சத்தம் காதுல வுழுவுதுங்க. உங்க ஓவர்சியருக்கு நான் கேட்டதே காதுல வுழல."

ஞாயிற்றுக்கிழமை காலை பச்சையம்மாள் வந்தாள். குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். கையில் தட்டுக்கட்டை. வாசலிலேயே தயங்கி நின்றவளை, குசுமாவதி அம்மாள், "உள்ள வாங்க. வெளிய நின்னுக்கினு எப்படி வூட்ட பாப்பீங்க?" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பச்சையம்மாள் பாதி குடித்துவிட்டு மீதியைச் சமையல்கட்டுத் தரையில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள்.

அப்புறம் என்னை மேலே அனுப்பினாள்.

"சார், நீங்க மேல போயி நடங்க. மெதுவா இல்ல. குதிர நடக்கற மாதிரி நடங்க. நிறுத்துன்னு சொன்னா நிறுத்துங்க."

அரசாங்க ஊழியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்தவர் மாடியில் குதிரை மாதிரி நடந்ததை எதிர் வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள். கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் நின்றாளாம். மேலே நான் கூடத்தைத் தாண்டி அறை, அறையைத் தாண்டி சமையல்கட்டு என்று நடந்தேன். என் காலடி தென்கிழக்கு மூலைக்கு வந்ததும், "நிறுத்து" என்று குரல் வந்தது. நான் கீழே வந்தபோது சந்திரம்மாள் அந்த நமுத்த பொரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆவியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்கக்கா."

பச்சையம்மாள் குசுமாவதி அம்மாளைப் பார்த்தாள். "அன்னிக்கு ராத்திரி சோறு ஆக்குனீங்களாம்மா?"

அந்த அம்மாள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆக்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு விற்றுப்போகும்.

"எங்க வூட்ல பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம். அடுப்ப அணைச்சப்பறம்தான் இது பொரி வச்சிது. காத்தால அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டுது. ஆவியே கெடையாது" என்றார்.

தன்யகுமார் சார் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. எனக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது.

பச்சையம்மாள் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "மழ வந்தா ஆள் அனுப்புங்க. மழையில பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மழை வரவில்லை. ஐப்பசியில் தினம் கொட்ட வேண்டிய மழை அந்த வாரம் பார்த்து ஒளிந்துகொண்டது. மலை உச்சியில் மேகம் கட்டும், சாயங்காலம் கலைந்துவிடும். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற நேரமெல்லாம் அர்ஜுனன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். லாட்ஜுக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு இரண்டு முறை வந்து போனார். அவருக்கு ஒட்டு எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறவர். சார் அவரிடம், "மழ வரட்டும்னு ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. வரட்டும்" என்றாராம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவர், தன் வீட்டுக்கு வைத்த பரீட்சைக்குப் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிடித்துக்கொண்டது. நான் ஆபீசில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டார்ச்சோடு ஓடினேன். சந்திரம்மாள் வந்திருந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. சரசுவை அணைத்துக்கொண்டு சார் வீட்டு வாசல் நிலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மாள் கோணிப்பையைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக மாடிக்குப் போனாள். நானும் சாரும் பின்னால் போனோம்.

மாடியின் கிழக்கு ஓரத்தில் செங்கல்லால் இரண்டு படி மாதிரி நீளமாக ஒரு மேடை இருந்தது. நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். ஓவர்சியரும் பார்த்தார், மேஸ்திரியும் பார்த்தார். இந்த ஊரில் பாதி மாடியில் அப்படி ஒன்று உண்டு. தீபத்தன்று எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்து நிற்கும்போது பின்னால் நிற்கிறவர்களுக்கு மறைக்கும். அதனால் வயதானவர்களும் குழந்தைகளும் ஏறி நிற்கக் கட்டிவைப்பது. அது எங்கள் கண்ணில் ஒரு குறையாகவே படவில்லை.

மழைத் தண்ணீர் மாடியில் கிழக்கே சரிந்து ஓடிவந்து மேடையில் முட்டி நின்றது. கணுக்கால் அளவு. தூம்புக்குப் போக மேடையின் அடியில் விட்டிருந்த ஓட்டை எப்போதோ அடைந்துவிட்டிருந்தது. பச்சையம்மாள் அந்தத் தண்ணீரில் இறங்கி நின்று, "இத எப்ப சார் கட்டுனீங்க?" என்றாள்.

"எழுபத்தாறுல" என்றார் சார். அவர் முகம் மாறிவிட்டது. "பின்னால நிக்கற கெழவன் கெழவிங்களுக்கு மறைக்குதுன்னு நான்தான் நின்னு கட்டுனேன்."

"நல்லதுக்குத்தான் கட்டுனீங்க சார். தண்ணிக்கு அது தெரியாதில்ல."

கீழே வந்து சமையல்கட்டில் முக்காலி போட்டு ஏறினாள். நான் டார்ச் அடித்தேன். மூலையில் உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடம் முப்பது வருஷப் புகையில் கறுத்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த கொத்துக் கரணையின் நுனியால் அவள் அதை லேசாகக் குத்தினாள். கரணை பாதி உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது அதோடு ஈரத் தூளாக மரம் கொட்டியது. சரியாக அதற்கு மேலேதான் அந்த மேடை. தீபத்தன்று கிழவர்களும் குழந்தைகளும் ஏறி நிற்கிற இடம்.

அர்ஜுனன் செங்கம் டிரிப்பை யார் தலையிலோ கட்டிவிட்டு அப்போதுதான் நனைந்துகொண்டு வந்திருந்தான். அந்தத் தூளைக் கையில் வாங்கி, அதையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

பச்சையம்மாள் முக்காலியிலிருந்து இறங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வூடு நல்ல வூடு. சொவுரு நல்லாக்கீது. ஒட்டு நல்லாக்கீது. இந்த ஒரு உத்தரம் கெட்டுப்போச்சி. மேடைய ஒடைக்கணும். உத்தரத்த மாத்தணும். மேல அந்த எடத்த தோண்டிட்டு புதுசா போட்டு தட்டணும். அத்த செஞ்சா நான் கீழ ஒக்காருவேன். செய்யலன்னா நானும் ஒக்கார மாட்டேன், யாரையும் ஒக்கார வுட மாட்டேன்."

தன்யகுமார் சார் பின்கட்டுக்குப் போனார். வரும்போது அவர் கையில் கடப்பாரை இருந்தது. மழை இன்னும் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் நின்று கட்டிய மேடையைத் தானே மாடியேறி இடிக்க ஆரம்பித்தார். குசுமாவதி அம்மாள் குடையைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தார். முதல் செங்கல் பெயர்ந்ததும் தேங்கின தண்ணீர் சலசலவென்று தூம்பு வழியாகத் தெருவில் கொட்டியது. "சரி பண்ணித்தான் குடுப்பேன்" என்று சந்திரம்மாளிடம் சொன்னார். "ஆறு வருஷமா அதுக்குக் கீழதான் இவ சோறு ஆக்கியிருக்கா."

பழைய வீடு இடித்த மரக்கடையில் தேக்கு உத்தரம் ஒன்று கிடைத்தது. கடையில் இருந்த ஒவ்வொன்றையும் பச்சையம்மாள் தட்டித் தட்டிக் கேட்டு, ஒன்பதாவதை எடுத்தாள். மழை விட்ட நாளாகப் பார்த்துப் பன்னிரண்டு நாள் வேலை. அவளுடைய ஆட்களில் நாலு பேர் மேலே தட்ட, கடுக்காய் வாசனையும் வெல்லத் தண்ணீர் வாசனையும் தெருக்கோடி வரை அடித்தது. கார்த்திகைக்கு நாள் நெருங்கிவிட்டதால் சந்திரம்மாளுக்குச் சட்டி இறக்க நேரமில்லை. இருந்தாலும் தினம் நாலு மணிக்குச் சூடாகப் பொரி வறுத்து, வேர்க்கடலை கலந்து எடுத்துக்கொண்டு போவாள். தட்டுகிறவர்கள் சாப்பிடுகிற வரை நின்று பார்த்துவிட்டு வருவாள். கார்த்திகை பிறந்ததும் ரிஜிஸ்டர் ஆயிற்று. பால் காய்ச்சினார்கள்.

ஆனால் பால் காய்ச்சிய மூன்றாம் நாள் தூறல் போட்டபோது, புது வீட்டு வாசல் நிலையின் கீழ் சந்திரம்மாள் சரசுவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அர்ஜுனனும் பார்த்தான். அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். உத்தரத்தை மாற்றியாயிற்று, அவளை மாற்ற முடியவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

தீபத்தன்று மத்தியானத்திலிருந்தே அர்ஜுனனுடைய ஊர் ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். தெருக்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள். சாரும் குசுமாவதி அம்மாளும் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு விருந்தாளிகளாக மாடியேறினார்கள். சார் பழக்கத்தில் கீழே செருப்பை எண்ணினார். எழுபத்தெட்டு ஜோடி.

நான் மேலே போகவில்லை. எனக்குத் தைரியமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரணை உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தவன். வாசலில் நின்றேன்.

ஐந்தரை மணிக்குப் பச்சையம்மாள் வந்தாள். மஞ்சள் பூசிக் குளித்து, கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். நிலைக்குக் கீழே நின்ற சந்திரம்மாளைத் தாண்டி உள்ளே போய், கூடத்தைத் தாண்டி, சமையல்கட்டில் அந்தப் புது உத்தரத்துக்கு நேர் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். வாசலிலிருந்து பார்த்தால் அவள் முழுசாகத் தெரிந்தாள்.

"மெய்யாலுமே வந்துட்டீங்களேக்கா" என்றாள் சந்திரம்மாள்.

"நீதானே கேட்ட."

"தீபம் பாக்க வேணாமா? மேல போங்கக்கா. நான் சொம்மா கேட்டது."

"நீ சொம்மா கேக்கல. தீபம் பதினோரு நாளு எரியப் போவுது. நாளைக்கு பாத்துக்கினா போவுது."

நேரம் ஆக ஆக மேலே காலடிச் சத்தம் கூடியது. மேடை இல்லாததால் பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் தள்ளினார்கள். மறைக்குது, மறைக்குது என்று கிழவிகள் குரல் கேட்டது. அர்ஜுனன் சரசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே நிற்கிறான். சந்திரம்மாளின் ஒரு கை நிலைக்காலைப் பிடித்திருந்தது. ஆறு மணி ஆயிற்று. திடீரென்று எழுபத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் எக்கினார்கள். அரோகரா என்று ஊர் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. வீடு அதிர்ந்தது. அடுப்பு மேடையில் இருந்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேலிருந்து ஒரு சுண்ணாம்புப் பொருக்கு பச்சையம்மாள் தோளில் விழுந்தது.

சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பச்சையம்மாள் அந்தப் பொருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "வெள்ளையடிச்சது. முந்தாநேத்து உன் புருசன் அடிச்சது. ஒத்த கோட்டு ஒழுங்கா அடிக்கத் தெரியல" என்றாள். காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

சந்திரம்மாள் நிலைக்காலை விட்டாள். கூடத்தில் ஒரு அடி வைத்தாள், நின்றாள், மேலே பார்த்தாள். மேலே அவள் குழந்தை, அவள் புருஷன், அவர்களோடு இன்னும் எழுபத்துச் சொச்சம் பேர். மேலே பார்த்தபடியே நடந்து சமையல்கட்டு வரை போய்விட்டாள். அங்கே மூலையில் ஒரு தொன்னை இருந்தது. முந்தின நாள் மழை பெய்தபோது அவளே வைத்தது. அதை எடுத்துக்கொண்டு பச்சையம்மாளுக்குப் பக்கத்தில், உத்தரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

பச்சையம்மாள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். சந்திரம்மாள் அவள் வாயையே பார்த்தாள். பிறகு தானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

ஊரே கத்திக்கொண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கும் நடுவில், வாசலில் நின்ற என் காதுக்கு அவர்கள் இரண்டு பேரும் மொறுமொறுவென்று பொரி மெல்லுகிற சத்தம் கேட்டது.